மலைப்பாதையில் மதங்கள் – 11: அடுத்த வசனத்தை மறைத்தவர்கள்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதி, குண்டசாலை, பல்லேகலை, திகன, தெல்தெனிய என்று விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி ஓடி, மெதமஹநுவரையைத் தாண்டி ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறுகிறது. சிறிய கடைத்தெரு, சுற்றிலும் தேயிலை. இங்கே ஒரு கிளைவீதி லூல்வத்தை வழியாக நக்கிள்ஸ் மலைகளுக்குள், மீமுரேவை நோக்கிப் பிரிகிறது. நேர்வீதி மடுகொட, உடுதும்பறை என்று போய், வளைந்து வளைந்து மஹியங்கனைச் சமவெளியில் இறங்குகிறது. அங்கிருந்து கிழக்கே போனால் மட்டக்களப்பு. மட்டக்களப்புக்குத் தெற்கே சற்றுத் தூரத்தில் காத்தான்குடி.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் பிடிபட்டது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். அதனால் வரலாற்று நூல்களில் இந்தப் பகுதிக்கு ஓர் அரசியல் முகம் உண்டு. இந்த அத்தியாயத்துக்கு எனக்கு வேண்டியது வேறு. வேதத்தின் பெயரால் துரத்தப்பட்ட இரண்டு கூட்டங்கள், முதலில் முஸ்லிம்களும் பிறகு கத்தோலிக்கரும், 17ஆம் நூற்றாண்டில் இந்த மலைநாட்டு அரசிடம் அடைக்கலம் தேடி வந்தன. 2018இல் இதே வீதியில் திகனவும் தெல்தெனியவும் எரிந்தன. அந்தத் தீயைக் காட்டிக் காத்தான்குடிக்காரர் ஒருவர் ஆள் சேர்த்தார். 2019இல் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. நானூறு ஆண்டுக் கதையின் இரண்டு முனைகளும் இந்த வீதியில்தான் இருக்கின்றன.

1626இல் தொடங்குவோம். அந்த ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, தன் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார். பாக்கு, கறுவா, துணி வணிகத்தில் முஸ்லிம்கள் போட்டியாளர்கள். அது ஒரு காரணம். ஆனால் அந்த ஆணைக்குப் பின்னால் ஒரு மதச் சட்டமும் இருந்தது. 1455இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலஸ் வெளியிட்ட ஆணை, முஸ்லிம்களையும் பிற மதத்தாரையும் தாக்கவும் அடிமைப்படுத்தவும் போர்த்துக்கல் மன்னருக்கு உரிமை கொடுத்திருந்தது. கடைக்குப் போட்டியாக இருப்பவன் கடவுளுக்கும் எதிரியாக இருந்துவிட்டால் அவனைத் துரத்துவது எவ்வளவு எளிது!

துரத்தப்பட்டவர்களைக் கண்டி மன்னர் செனரத் ஏற்றுக்கொண்டார். ஒரு பகுதியினரை மலைநாட்டிலும், பெரும்பகுதியினரை மட்டக்களப்புப் பக்கமும் குடியேற்றினார். மட்டக்களப்பில் குடியேறியவர்கள் நான்காயிரம் பேர் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கெய்ரோஸ் எழுதியிருக்கிறார். இரக்கம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கிழக்குக் கரையில் போர்த்துக்கேயருக்கு எதிராகத் தனக்கு விசுவாசமான மக்கள் இருப்பது செனரத்துக்கு லாபம். மலைநாட்டுக்கு உப்பும் துணியும் ஏற்றி வரும் தவளம் மாடுகளை ஓட்டத் தெரிந்தவர்கள் முஸ்லிம்கள். கண்டி அரசின் மடிகே என்ற போக்குவரத்துப் பிரிவில் அவர்களுக்கு நெடுங்காலம் இடம் இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அடைக்கலம் கொடுக்கும்போது எந்த மன்னரும் அவர்களுடைய வேதத்தைக் கேட்கவில்லை. மாறச் சொல்லவும் இல்லை.

இரண்டாவது கூட்டம் வந்தது ஒல்லாந்தர் காலத்தில். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு ஒல்லாந்தர் ஒரு கட்டளை வெளியிட்டார்கள்: கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை. நேற்றுவரை துரத்தியவன் இன்று துரத்தப்படுபவன் ஆனான். துரத்தியவர்களும் அதே கிறிஸ்துவை வணங்கியவர்கள், அதே விவிலியத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். கல்வினின் வழியில் வந்த சீர்திருத்தச் சபையினர் அவர்கள். கல்வினின் ஜெனீவாவில்தான், திரித்துவத்தை வேறுவிதமாக வாசித்த மிகுவல் செர்வேத்து 1553 அக்டோபரில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

இந்தப் பின்னணியில் வந்தவர் யோசேப் வாஸ். 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனாலிம் ஊரில் பிறந்தவர். கொங்கணிப் பிராமண வம்சம். அவருடைய ஊர் இருந்த சால்செட் பகுதியில், அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் கோயில்கள் வரிசையாக இடிக்கப்பட்டிருந்தன. கோவாவில் 1560 முதல் மதவிசாரணை மன்றம் இயங்கியது. மதம் மாறிய குடும்பத்தில் மூன்று நான்கு தலைமுறைகள் கடந்தும், கோவாக்காரன் என்பதால் ஐரோப்பியத் துறவற சபைகளில் இடம் கிடையாது. ஆகவே தம்மைப் போன்ற உள்ளூர்க் குருக்களைச் சேர்த்துக் கோவாவிலேயே ஒரு சபையைக் கட்டியெழுப்பினார் வாஸ்.

1687இல் கூலிக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். தமிழ் கற்றார். சில்லாலையில் ஒளிந்திருந்து இரவில் பூசை செய்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது, அரசவையில் இருந்த லனெரோல் என்ற பிரெஞ்சுக்காரர், கல்வினியர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னரிடம் சொல்லிவிட்டார். இரண்டாம் விமலதர்மசூரியன் வாஸைச் சிறையில் போட்டார். பௌத்த மன்னரின் நாட்டில், ஒரு கிறிஸ்தவரைக் காட்டிக்கொடுத்தவர் இன்னொரு கிறிஸ்தவர். வாஸ் சிறையில் சிங்களம் படித்தார். மெல்ல மெல்லக் காவல் தளர்ந்தது. 1697இல் பெரியம்மை வந்தபோது மன்னரும் பிரபுக்களும் நகரைவிட்டு வெளியேறினார்கள். வாஸும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் தங்கி நோயாளிகளைப் பராமரித்தார்கள். யாருக்கு எந்த மதம் என்று பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கண்டி அரசைச் சொர்க்கமாகக் காட்ட நான் விரும்பவில்லை. வாஸுக்குப் பின்வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்திலும் தமிழிலும் ஏராளமாக எழுதினார்; பிற மதங்களைக் கண்டித்தும் எழுதினார். 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களுடைய கோயில்கள் இடிக்கப்பட்டன. அடைக்கலம் என்றைக்கும் மன்னரின் மனநிலையைப் பொறுத்தது.

கண்டி அரசில் விவிலியம் கிடைத்த விதம் பற்றி ஒரு செய்தி. 1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த அரசுக்குள் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியிடம் ஒரு கிழவர் பழைய ஆங்கில விவிலியம் ஒன்றைக் கொண்டுவந்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது கைக்கு வந்ததாம். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தவர். ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்து அந்த நூலை வாங்கிக்கொண்டார். மொழி தெரியாதவர் கையில் அது வெறும் காகிதம். தந்தையைப் பறிகொடுத்துத் தனியே கிடந்தவருக்கு அது உயிர். அதே விவிலியம்தான் யாழ்ப்பாணத்தில் அந்த மரண தண்டனைக் கட்டளைக்கும் ஆதாரமாயிற்று.

அது எப்படி ஆயிற்று என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் மையம் அதுதான்.

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஒரு விருந்து உவமை வருகிறது. அழைத்தவர்கள் வர மறுக்கிறார்கள். வீட்டுக்காரர் ஊழியனை அனுப்பி, வழியில் காண்பவர்களை வற்புறுத்தியாவது கூட்டிவந்து வீட்டை நிரப்பச் சொல்கிறார். ஏழைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் கதவைத் திறக்கும் கதை. நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆபிரிக்காவில் டொனாட்டஸ் பிரிவினரோடு கத்தோலிக்கருக்குத் தகராறு. ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் முதலில் வன்முறை கூடாது என்றவர். 405இல் பேரரசர் ஹொனோரியஸ் அந்தப் பிரிவினரை அடக்க ஆணையிட்டார். பயத்தில் பலர் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார்கள். அது பலன் தருவதைக் கண்ட அகுஸ்தீன் மனம் மாறினார். 408 அளவில் எழுதிய கடிதத்தில் இந்த விருந்து உவமையையே சான்றாக எடுத்து, தவறான வழியில் இருப்பவரை அரசின் கையால் நெருக்கிச் சரியான வழிக்குக் கொண்டுவரலாம் என்று வாதிட்டார். மரண தண்டனை மட்டும் வேண்டாம் என்று அதிகாரிகளிடம் மன்றாடியவரும் அவர்தான். ஆனால் கதவைத் திறந்துவிட்ட பிறகு, யார் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அபராதம் என்று அவர் எழுதியதைப் பின்வந்தவர்கள் சிறை என்று வாசித்தார்கள். அதற்குப் பின்வந்தவர்கள் விறகு என்று வாசித்தார்கள்.

அதே லூக்கா நற்செய்தியில், ஐந்து அதிகாரங்களுக்கு முன்பு, இயேசுவை ஏற்காத சமாரியர் ஊர் ஒன்று வருகிறது. வானத்திலிருந்து தீ வரவழைத்து அந்த ஊரை அழிக்கலாமா என்று இரண்டு சீடர்கள் கேட்கிறார்கள். இயேசு அவர்களைக் கடிந்துகொள்கிறார். பிறகு வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். மத்தேயு நற்செய்தியில் கோதுமையும் களையும் கலந்து வளரும் வயல் வருகிறது. அறுவடை வரை களையைப் பிடுங்காதே என்கிறார் எஜமானர். இவையெல்லாம் அகுஸ்தீனுக்குத் தெரியாதவையா? நன்றாகத் தெரியும். களை உவமையை அவரே பலமுறை விளக்கியிருக்கிறார். மற்றவற்றை எல்லாம் ஒரே ஒரு வசனத்துக்குக் கீழே வைத்தார், அவ்வளவுதான்.

இந்த வாசிப்பைத் தத்துவ நோக்கில் உடைத்தவர் பியேர் பேல். பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர். 1685இல் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்தருக்கு இருந்த உரிமையை ரத்துச் செய்தார். அதே ஆண்டு நவம்பரில் பேலின் அண்ணன் சிறையில் இறந்தார். அடுத்த ஆண்டு, ஒல்லாந்தில் அகதியாக இருந்தபடி, அந்த விருந்து உவமையின் அந்த ஒரே கட்டளையைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார் பேல். அவர் வாதத்தைச் சுருக்கினால்: ஒரு வசனத்துக்கு நீ கொடுக்கும் பொருள் உன்னை ஒரு குற்றம் செய்யத் தூண்டினால், அந்தப் பொருள் பொய். வேதத்தின் பேரில் கட்டாயம் நியாயம் என்றால், ஒவ்வொரு பிரிவும் தன்னையே உண்மை என்று நம்புவதால், எல்லாரும் எல்லாரையும் கொல்ல உரிமை பெற்றுவிடுவார்கள். இந்த நூல் அச்சான மறு ஆண்டில்தான் வாஸ் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். பிரான்சில் கத்தோலிக்கர் புரட்டஸ்தாந்தரை விரட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இலங்கையில் புரட்டஸ்தாந்தர் கத்தோலிக்கரை விரட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் கையில் இருந்தது அதே லூக்கா.

இஸ்லாத்தில் இத்தகைய வாசிப்பின் முதல் பெருங்காயம் கிறிஸ்தவத்தைவிட மிகச் சீக்கிரமாகவே விழுந்தது. நபிகள் மறைந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 657இல் சிஃப்பீன் போரில் நான்காம் கலீபா அலீயும் முஆவியாவும் மோதினார்கள். போரை நிறுத்தி நடுவர்களை நியமிக்க அலீ இசைந்தார். அவருடைய படையிலேயே ஒரு கூட்டம் எழுந்தது. தீர்ப்பு இறைவனுக்கு மட்டுமே உரியது என்கிற குர்ஆன் வசனத்தை முழக்கமாக்கி, மனிதரை நடுவராக்கிய அலீ காஃபிராகிவிட்டார் என்றார்கள். இவர்கள்தான் கவாரிஜ்கள். இரவெல்லாம் தொழுது நெற்றியில் தழும்பு ஏறியவர்கள் என்று அவர்களை வரலாறு வர்ணிக்கிறது. அவர்களுடைய பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. பயம் அந்தப் பக்தியிலிருந்துதான் வருகிறது.

அலீ சொன்னதாக மரபு பாதுகாத்து வைத்திருக்கும் பதில்களை இன்று ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சொல் உண்மையானது, அதைக் கொண்டு தேடப்படுவது பொய் என்றார். குர்ஆன் இரு அட்டைகளுக்கு நடுவே இருக்கும் எழுத்து, அது தானாகப் பேசாது, மனிதர்தான் அதைப் பேச வைக்கிறார்கள் என்றார். நபிகளின் சிறிய தந்தையின் மகன் இப்னு அப்பாஸை அவர்களிடம் அனுப்பினார். அவர் குர்ஆனிலிருந்தே பதில் எடுத்தார்: கணவன் மனைவி தகராறில் இரு தரப்பிலிருந்தும் நடுவரை வைக்கச் சொல்வதும் இறைவசனம்தானே, ஒரு குடும்பத்துக்கு நடுவர் ஆகுமென்றால் ஒரு சமூகத்தின் இரத்தத்தைக் காப்பாற்ற ஆகாதா என்று கேட்டார். ஆயிரக்கணக்கானோர் மனம் மாறித் திரும்பினார்கள். திரும்பாதவர்கள் வழிப்போக்கரைக் கொல்லத் தொடங்கியபோதுதான் 658இல் நஹ்ரவானில் போர் நடந்தது. 661இல் கூஃபா பள்ளிவாசலில் அலீயை வெட்டியவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இப்னு முல்ஜம். அப்படிப்பட்டவர்களையும் காஃபிர் என்று அழைக்க அலீ மறுத்தார், எமக்கு எதிராக வரம்பு மீறிய எம் சகோதரர் என்றே சொன்னார் என்கிறது மரபு.

இந்த வீதியின் கிழக்கு முனைக்குப் போவோம்.

காத்தான்குடியில் 1979 ஒரு முக்கிய ஆண்டு. மௌலவி அப்துர் ரஊப் என்ற சூபி அறிஞரின் போதனைகளை ஆராய்ந்த அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, அவர் மார்க்கத்தைவிட்டு வெளியேறியவர் என்று தீர்ப்பளித்தது. படைப்புகள் எல்லாம் இறைவனின் வெளிப்பாடே என்கிற, இப்னு அரபி வழிவந்த சிந்தனை அது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தமிழ் சூபிகள் நூற்றாண்டுகளாகப் பாடியதும் அதுவே. கற்றறிந்த உலமாக்கள் அதை மறுக்கலாம். மறுப்பு வேறு, ஒருவரை வெளியே தள்ளும் தீர்ப்பு வேறு. அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் யாரையும் தாக்கச் சொல்லவில்லை. ஆனால் அகுஸ்தீன் விஷயத்தில் நடந்ததே இங்கும் நடந்தது. 2004இல் சூபிகளின் வீடுகளும் நிலையங்களும் தாக்கப்பட்டன. 2006இல் இன்னொரு சூபித் தலைவர் இறந்தபோது, அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுக்கும் அளவுக்குப் போனது வெறி.

அந்த ஊரின் வேறொரு காயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் விடுதலைப் புலிகள் பள்ளிவாசல்களுக்குள் சுட்டுக்கொன்றார்கள். அதே ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். தமிழ் பேசும் மக்களாகிய நாம் இதற்கு இன்னும் முழுமையாக முகம் கொடுக்கவில்லை. தனக்குள் ஒடுங்கிப்போன ஒரு ஊரில், எல்லை பிரிக்கும் பேச்சுக்குக் காது கிடைக்கும்.

சஹ்ரான் ஹாஷிம் அந்த ஊரில் வளர்ந்தவர். சிறு வயதில் மத்ரஸாவில் சேர்ந்து குர்ஆனை மனனம் செய்தவர். வாசிப்பு முறை பற்றி ஆசிரியர்களோடு வாதிட்டு 2005இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். படிப்பை முடிக்காத ஹாஃபிழ். மனனம் இருந்தது. வசனங்கள் எந்தச் சூழலில் அருளப்பட்டன, அவற்றை முன்னோர் எப்படியெல்லாம் விளங்கிக்கொண்டார்கள் என்பதைக் கற்கும் நீண்ட ஒழுக்கம் நடுவில் அறுந்தது. தனியாகப் பள்ளி தொடங்கினார். பிறகு தேசிய தௌஹீத் ஜமாஅத். ஏகத்துவம் பேசும் அமைப்புகளில் இருப்போரில் மிகப் பெரும்பாலோர் ஒருநாளும் கத்தியைத் தொட்டவர்கள் அல்லர். அவர்களையும் இவரையும் ஒரே கோணிக்குள் அடைப்பது அநியாயம். சஹ்ரான் தமிழில் பேசினார், நன்றாகப் பேசினார். மட்டக்களப்பு வட்டார வழக்கும் மேடைத் தமிழும் கலந்த அந்தப் பேச்சை யூடியூபில் கேட்டவர்கள் கடல் கடந்தும் இருந்தார்கள்.

அவருடைய முதல் வாள்கள் எடுக்கப்பட்டது முஸ்லிம்களுக்கு எதிராகத்தான். 2017 மார்ச் 10ஆம் திகதி காத்தான்குடியில் அப்துர் ரஊபைப் பின்பற்றுவோரோடு நடந்த மோதலில் வாள்கள் வந்தன, ஆட்கள் காயப்பட்டார்கள். பொலிஸ் தேடத் தொடங்கியதும் சஹ்ரான் தலைமறைவானார். ஊர் மக்கள் அதற்கு முன்பும் பின்பும் ஊர்வலம் போனார்கள், அதிகாரிகளுக்கு மனுக் கொடுத்தார்கள். அந்த மனுக்களை யாராவது சரியாக வாசித்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு ஆறவே இல்லை. தன் மதத்துக்குள் வேறுவிதமாக வாசிப்பவனைக் கொல்லத் துணிந்தவன், அடுத்து வேறு மதத்தவனிடம் போவான் என்பதற்கு வரலாறு முழுக்கச் சாட்சி இருக்கிறது.

பிறகு இந்த வீதி எரிந்தது. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கினார்கள். மார்ச் 3ஆம் திகதி அவர் இறந்தார். அடுத்த நாட்களில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. வீட்டுக்குள் சிக்கி முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, பிறகு பேஸ்புக் முடக்கப்பட்டது. தாக்கியவர்களுக்கு வேதம் வேறு, வாதம் வேறு. அது தனி அத்தியாயம். இங்கே வேண்டியது இதன் விளைவு. சஹ்ரான் தலைமறைவிலிருந்து திகனவின் படங்களைக் காட்டிப் பேசினார். அவர் காட்டிய தீ பொய்யான தீ இல்லை. நியாயமான வேதனை ஒன்று கைக்குக் கிடைத்ததும், வெட்டி எடுத்த வசனங்களுக்கு உயிர் வந்துவிட்டது.

வெட்டி எடுக்கப்பட்டது எது? இத்தகையவர்கள் எப்போதும் முன்வைப்பது ‘அத்தவ்பா’ அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம். இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லச் சொல்வது. அதற்கு முந்தைய நான்காம் வசனம், உடன்படிக்கையை மீறாதவர்களோடு உடன்படிக்கையை முழுமையாகக் காக்கச் சொல்கிறது. அதற்கு அடுத்த ஆறாம் வசனம், அவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, இறைவார்த்தையைக் கேட்கச் செய்து, பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. உடன்படிக்கையை முறித்த குறிப்பிட்ட அரபுக் குலங்களோடு நடந்த போரின் சட்டம் அது என்பது பழைய விரிவுரையாளர் பலரின் வாசிப்பு. ‘அல்ஹஜ்’ அத்தியாயம் மடங்களையும் கிறிஸ்தவக் கோயில்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே மூச்சில் சேர்த்து, இறைவனின் பெயர் நினைக்கப்படும் இடங்கள் என்று அவற்றின் பாதுகாப்பைப் பேசுகிறது. குர்ஆனை மனனம் செய்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

2018 டிசம்பர் 26ஆம் திகதி மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. உடைத்தவர்கள் சஹ்ரானின் ஆட்கள். அதை விசாரிக்கப் பொலிஸாருக்கு உதவியவர், ஓர் அமைச்சரின் இணைப்புச் செயலாளராக இருந்த முஸ்லிம். 2019 மார்ச்சில் தூங்கிக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார். உயிர் தப்பினார். அதே மார்ச் 15ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில், ஐரோப்பியக் கிறிஸ்தவத்தின் சிலுவைப் போர்ப் பெயர்களைத் துப்பாக்கியில் எழுதிக்கொண்டு வந்த ஒருவன் 51 முஸ்லிம்களைத் தொழுகையில் சுட்டுக்கொன்றான். இலங்கைத் தாக்குதல் அதற்குப் பழிவாங்கல் என்று பிறகு ஓர் அமைச்சர் சொன்னார். ஆனால் இங்கே வெடிமருந்து சேர்க்கத் தொடங்கியது அதற்கு மாதங்களுக்கு முன்பே. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் அது பிடிபட்டிருந்தது.

ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று ஹோட்டல்கள். சஹ்ரானின் கூட்டம் வெடிக்கவைத்த குண்டுகளில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர், ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளும் காத்தான்குடிப் பிள்ளைகளும் ஒரே தமிழில் பேசுகிறவர்கள், ஒரே வாவியின் கரையில் வளர்ந்தவர்கள். ஐந்து நாட்களுக்குப் பின் சாய்ந்தமருதில் பொலிஸார் சுற்றிவளைத்தபோது சஹ்ரானின் உறவினர்கள் தம்மோடு தம் குழந்தைகளையும் வெடிக்க வைத்தார்கள். அங்கே ஆயுததாரிகள் இருப்பதைப் பொலிஸாருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்கள்.

குண்டுதாரிகளின் உடல்களை எந்த முஸ்லிம் மையவாடியும் ஏற்காது என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. பேராயர் மல்கம் ரஞ்சித் தம் மக்களைப் பழிவாங்க விடாமல் தடுத்தார். கட்டுவாப்பிட்டி போன்ற ஓர் ஊரில் அது சிறிய காரியம் இல்லை. ஆனாலும் மே மாதம் குருநாகல், புத்தளம், மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். எச்சரிக்கை கிடைத்தும் அசையாதிருந்ததற்காக 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கத்தோலிக்கத் திருச்சபை, மதத்தில் கட்டாயம் கூடாது என்று தெளிவாகவும் அதிகாரபூர்வமாகவும் அறிவித்தது 1965 டிசம்பர் 7ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். அகுஸ்தீனின் கடிதத்திலிருந்து எண்ணினால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். விவிலியத்தை அதன் காலத்திலும் சூழலிலும் வைத்து வாசிக்க வேண்டும், எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் வாசிப்பு ஆபத்தானது என்று பாப்பரசரின் விவிலிய ஆணைக்குழு 1993இல் வெளியிட்ட ஆவணம் சொன்னது. கண்டி அம்பிட்டியிலுள்ள குருமடத்தில் இன்று படிக்கும் இளைஞர்கள் இந்த வாசிப்பு முறையைப் பாடமாகவே படிக்கிறார்கள். அவர்கள் படிக்கும் மலைக்கு அடியில்தான் வாஸ் சிறையிருந்த நகரம்.

முஸ்லிம் உலகிலும் இதற்கான அடித்தளம் பழையது. ஒரு வசனம் எப்போது, யாரைப் பற்றி அருளப்பட்டது என்பதைத் தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் முஸ்லிம் அறிஞர்கள். 2014இல் உலகின் 126 அறிஞர்கள் ஐ.எஸ். தலைவனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியபோது அவர்கள் முதலில் சொன்னதே, முழுக் குர்ஆனையும் பார்க்காமல் ஒரு துண்டைக் கொண்டு தீர்ப்பளிக்கக் கூடாது என்பதுதான். இந்த அறிவு எங்கள் ஊர்களில் உலமாக்களிடம் அரபியில் இருக்கிறது. யூடியூபில் இளைஞனுக்குத் தமிழில் கிடைப்பது வேறு. 2019க்குப் பின் மத்ரஸாக்களை ஒழுங்குபடுத்துவது பற்றி அரசு நிறையப் பேசியது; பேச்சு பெரும்பாலும் கட்டுப்பாடு, தடை, கண்காணிப்பு என்றே நின்றது. நான் கேட்பது எளியது. ஐந்தாம் வசனத்தை ஓதும் ஒவ்வொரு தமிழ் குத்பாவும் ஆறாம் வசனத்தையும் தமிழில் ஓதி விளக்க வேண்டும். விருந்து உவமையைப் பிரசங்கிக்கும் ஒவ்வொரு போதகரும் சமாரியர் ஊரை எரிக்க மறுத்த இயேசுவையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். கிழக்கில் வீடு வீடாகப் போய் மதம் பரப்பும் சில புதிய சபைகளுக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறேன். அண்டை வீட்டுக்காரரின் தெய்வத்தைப் பேய் என்று பேசும் பிரசங்கமும் வெட்டி எடுத்த வசனத்தில்தான் நிற்கிறது.

அடுத்த அத்தியாயம் வஹகோட்டையைப் பற்றியது. மாத்தளைப் பக்கத்தில், போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்களைக் கண்டி அரசர்கள் குடியமர்த்திய ஊர் அது. குருவே இல்லாத காலங்களில் அவர்கள் தங்கள் நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று பார்ப்போம்.